பூசணத்துக்குப் பூசணி கட்டியவர்கள்

எங்கள் வீட்டில் இரண்டு முதலாளிகள். பாளையம்பட்டியில் இருக்கும் மளிகைக் கடைக்கு என் வீட்டுக்காரர் முதலாளி. திருச்சுழி போகிற பாதையில் இருக்கும் கரிசல் காட்டுக்கு நான் முதலாளி. கடையில் நான் பொட்டலம் மடிப்பேன், அவர் சொன்ன விலையைத் திருப்பிச் சொல்வேன், அதற்கு மேல் எனக்கு அங்கே வாயில்லை. காட்டில் அவருக்கு வாயில்லை. அது என் அப்பா எனக்கு எழுதிக் கொடுத்த நிலம். விதைப்பன்று சாமி கும்பிட மட்டும் வருவார். ஈரக் கரிசல் அவர் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒற்றைக் காலில் நின்றபடி, "இதுக்குத்தான் நான் வாரதில்ல" என்பார். இந்த ஏற்பாடு இரண்டு பேருக்கும் வசதியாகத்தான் இருந்தது.

அந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட்டது மக்காச்சோளம். ஆளுயரம் வளர்ந்து, கதிர் வாங்கி, மணி பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு நாள் போய்ப் பார்த்தால் அங்கங்கே தட்டை தரையில் கிடந்தது. கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கண்ட இடத்தில் படுத்துக் கிடக்கிற சொந்தக்காரர்களைப் போல, ஒன்று கிழக்கே தலை, ஒன்று மேற்கே தலை. பக்கத்துக் காட்டுக்கார அண்ணன் பொழி வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்தார். "பன்னிதான் தங்கச்சி. வேற என்ன?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் காட்டுப்பன்றிக்கு வைத்தியம் சேலை. காட்டைச் சுற்றிக் கம்பு நட்டுப் பழைய சேலைகளைக் கட்டிவிட்டால் ஆள் நிற்கிறது என்று பயந்து பன்றி வராது என்பார்கள். நான் ஊரில் இல்லாத நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பீரோவைத் திறந்து கையில் கிடைத்ததை எல்லாம் மூட்டை கட்டி அண்ணனிடம் கொடுத்தனுப்பிவிட்டார். நான் ஊர் திரும்பி, விசயம் தெரிந்து அடுத்த பஸ்ஸில் காட்டுக்குப் போய் இறங்கினால், என் மகன் கல்யாணத்துக்கு எடுத்த கிளிப்பச்சைப் பட்டு பொழி ஓரத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஜரிகை வெயிலில் மின்னுகிறது. வீட்டுக்கு வந்து கேட்டால், "நீ அத இப்பல்லாம் கட்டுறதே இல்லையே" என்றார் என் வீட்டுக்காரர். உடம்பில் கட்டாத சேலை எல்லாம் பழைய சேலை என்பது அவர் சட்டம். பன்றி பயந்ததோ இல்லையோ, திருச்சுழி பஸ்ஸில் போகிற பெண்கள் எல்லாம் ஜன்னல் வழியாக என் பட்டைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வருசமும் தட்டை சாய்ந்தது. சேலை கட்டிய இடத்தில் சேலை இருந்தது, தரையில் ஒரு குளம்புத் தடம் இல்லை. அண்ணன் தீர்ப்பை மாற்றி எழுதினார். "கண்ணு பட்டுருச்சு தங்கச்சி. ரோட்டு ஓரக் காடு பாரு. போறவன் வாரவன் கண்ணெல்லாம் இதுமேலதான்." யார் கட்டிவிட்ட பட்டால் இந்தக் கண் பட்டது என்று நான் என் வீட்டுக்காரரை ஒரு முறை முறைத்தேன். ஆனாலும் வெள்ளைப்பூசணி வாங்கி, குங்குமம் தடவி, காட்டு முனையில் கம்பு நட்டுத் தொங்கவிட்டோம். பூசணி கெட்டியாக நின்றது. அதன் காலடியில் தட்டை விழுந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பதை உடைப்பேன். அன்றைக்குக் கையில் இருந்தது விழுந்த தட்டை. அடியில் பிடித்து உடைத்துப் பிளந்தேன். உள்ளே வெள்ளையாகத் தண்டுச் சோறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. நார் நாராகத் தொங்கியது. நார் முழுக்கக் கறுப்புத் தூள், அரைத்த மிளகைத் தூவிய மாதிரி. தொட்டால் விரலில் கரி. அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "கரிசல் மேல ஏறிருச்சு" என்றார். மண்ணின் நிறம் தண்டுக்குள் ஏறிவிட்டதாம். கரிசலில் பிறந்து வளர்ந்த எனக்கே ஒரு நிமிசம் அது நியாயமாகப் பட்டது.

பிளந்த தட்டையைத் துண்டில் சுற்றிக்கொண்டு திருச்சுழி வேளாண்மை ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரிக்கு என் மகள் வயசு. தட்டையைப் பார்த்ததும், "கரிக்கோல் அழுகல்மா. மண்ணுல இருக்குற பூஞ்சணம்" என்றாள். வருசக்கணக்கில் மண்ணிலேயே சும்மா கிடக்குமாம். மழை இருக்கிற வரை வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கும். பால் பிடிக்கிற நேரத்தில் ஈரம் குறைந்து, வெயில் ஏறி, பயிர் திணறும்போது வேர் வழியாக உள்ளே புகுந்து சோற்றைத் தின்றுவிட்டுக் கரியை வைத்துவிட்டுப் போகும். பூசணத்துக்குப் போய்ப் பூசணி கட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதை நான் அவளிடம் சொன்னதும் அவள் சிரிப்பை அடக்க ஃபைலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில்தான் சோலார்க்காரர் வந்தார். கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுக்கிற புரோக்கர். வெள்ளைச் சட்டை, ரெண்டு போன். நீண்ட கால ஒப்பந்தத்துக்குக் காட்டை விட்டால் அதில் வரிசையாகக் கண்ணாடிப் பலகை நிறுத்துவார்களாம். நேராகக் கடைக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் பேசினார். "அண்ணாச்சி, நம்ம ஊர்ல பொய்க்காத வெள்ளாமை வெயிலு ஒண்ணுதான்." என் வீட்டுக்காரர் வேகவேகமாகத் தலையை ஆட்டினார். வியாபாரி மூளை அது. எலி கடிக்காத, எடை குறையாத, பூசணம் பிடிக்காத சரக்கு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கண் கலங்கிவிடும்.

உள்ளே பொட்டலம் மடித்துக்கொண்டிருந்த நான் வெளியே வந்தேன். எனக்கு நாக்கில் சனி உட்காருவது இப்படிப்பட்ட நேரத்தில்தான். "இந்த ஒரு வருசம் பாருங்க. ஒரு மூலை சாஞ்சாலும் சரி, நானே வந்து கையெழுத்துப் போடுறேன்" என்றேன்.

"ஒரு மூலை சாஞ்சாலுமா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"ஒரு மூலை சாஞ்சாலும்."

"வாக்கு மாறக் கூடாது."

"நான் என்னைக்கு மாறுனேன்?"

புரோக்கர் சாட்சியாக ஒரு கடலை மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார். அவர் போன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. என் வீட்டுக்காரர் எழுத்தைவிட வாய்ச்சொல்லை நம்பிச் சரக்கு இறக்குகிற ஆள். சொன்ன சொல்லில் நிற்பார், நிற்கவும் வைப்பார். அந்தக் காடு போனால் நான் யார்? கடையில் பொட்டலம் மடிக்கிறவள், அவ்வளவுதான். காட்டில் எதை எப்போது விதைக்கலாம் என்று நான் சொன்னால் நாலு பேர் கேட்கிறார்கள். அந்த நாலு பேர் எனக்கு வேண்டும். மண்பாசம் அது இது என்று அலங்காரம் பண்ண எனக்குத் தெரியாது. எனக்கு அந்த முதலாளி நாற்காலி வேண்டும்.

அதிகாரிப் பெண் ஒரு வழி சொல்லியிருந்தாள். முள்ளை முள்ளால் எடுக்கிற வழி. கெட்ட பூஞ்சணத்தை அமுக்க ஒரு நல்ல பூஞ்சணம் இருக்கிறதாம், டிரைக்கோடெர்மா என்று பெயர். பாக்கெட்டில் தூளாக வரும். அதை மக்கிய மாட்டெருவில் கலந்து, தண்ணீர் தெளித்து, சாக்குப் போட்டு மூடி, நிழலில் வைக்க வேண்டும். எரு முழுக்கப் பச்சையாகப் பூத்து வந்ததும் காட்டில் போட வேண்டும். வெயில் மட்டும் படக் கூடாது. நான் வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்து நிழலில் குவித்து வைத்தேன். என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன அது?" என்றார். "காட்டுக்கு மருந்து வச்சிருக்கேன்" என்றேன். எங்கள் ஊரில் உரமும் மருந்து, பூச்சிக்கொல்லியும் மருந்து, இதுவும் மருந்து. அதற்கு மேல் விளக்க எனக்குப் பொறுமை கிடையாது, கேட்க அவருக்கும் கிடையாது.

காரியாபட்டியில் ஒரு கல்யாணம். போய் இருந்துவிட்டுத் தாம்பூலப் பையோடு திரும்பி வந்தேன். வாசலிலேயே என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. பிள்ளைக்கு வேலை கிடைத்தபோதுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

"நல்ல வேளை, நான் வீட்டுல இருந்தேன். ஒன் மருந்து பூராம் பூசணம் புடிச்சிருச்சு புள்ள! பச்சப் பசேல்னு! நான் பாக்கலைன்னா எல்லாம் போயிருக்கும்."

எனக்கு வாயில் இருந்த வெற்றிலை தொண்டைக்குப் போய்விட்டது. "என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்வாக? மாடில காயப்போட்டுட்டேன்."

மளிகைக் கடைக்காரன் வேதத்தில் ஒரே ஒரு வரிதான்: பூசணம் பிடித்தால் வெயிலில் போடு. மல்லி, வத்தல், புளி, துவரை, எதில் வெள்ளையாகவோ பச்சையாகவோ ஒரு பொட்டு கண்டாலும் அது நேரே மாடிக்குப் போகும். எங்கள் ஊர் வெயிலில் உச்சிப்பொழுது ஒன்று போதும், எந்தப் பூசணமும் பிழைக்காது. முழங்கால் வலிக்காரர் அவர். கடையில் மேல் தட்டில் இருக்கிற சோப்பை எடுக்கவே என்னைக் கூப்பிடுவார். அந்த மனுசன் கூடை கூடையாக மாட்டெருவைச் சுமந்து படியேறி, படுதா விரித்து, பரப்பி, வத்தலைக் கிளறுவதுபோலக் காலால் கிளறியும் விட்டிருக்கிறார். நான் மேலே போய்ப் பார்த்தேன். எரு அப்பளம்போலக் காய்ந்து கிடந்தது. பச்சை என்று சொல்ல ஒரு பொட்டு இல்லை. வானத்தில் வடகிழக்கே மேகம் திரண்டு நின்றது.

நான் கத்தியதைத் தெருவே கேட்டது. கத்தினதுகூடப் பரவாயில்லை. சொல்லக் கூடாத ஒன்றையும் சொன்னேன். "தெரிஞ்சுதான செஞ்சீங்க? சோலார்க்காரனுக்குக் குடுக்கணும்னுதான செஞ்சீங்க?"

அவர் கையில் ஒட்டியிருந்த எருவைப் பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அவர் வேண்டுமென்று செய்திருந்தாலும் அழுகை, வேண்டுமென்று செய்யாமல் இருந்தாலும் அழுகை என்கிற நிலைமை.

மழை பிடித்துக்கொண்டது. மழை யாருக்காகக் காத்திருக்கும்? மறுபடி எரு வைத்துப் பூக்க விட நேரமில்லாமல், மருந்து இல்லாமலே விதைத்தேன். எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை, "சோறு இருக்கு", "சரி" என்கிற அளவுக்குச் சுருங்கியது; பொட்டலம் மடிக்கவும் நான் கடைக்குப் போகவில்லை. ஒரு நாள் நடுப்பகலில் அவர் கடையைப் பூட்டிவிட்டு எங்கோ போனார். சொந்தத்தில் சாவு விழுந்தால்கூடக் கதவைப் பாதி திறந்து வைக்கிற ஆள், எங்கே போனார் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் பேசாமல் இருப்பதாக முடிவெடுத்தது நான்தான், அதனால் கேட்க முடியவில்லை.

அந்த மர்மம் சாம்பார்ப் பொடி வாங்கப் போன ஒரு அம்மாளால் உடைந்தது. "அண்ணாச்சி கடைல என்னம்மா மாட்டுத் தொழுவ வாட அடிக்குது?" என்று வீட்டுக்கு வந்து என்னிடமே கேட்டாள். நான் விறுவிறுவென்று கடைக்குப் போய், சரக்கு வைக்கிற பின்னறைக் கதவைத் திறந்தேன். அரிசி மூட்டைகளை எல்லாம் ஒரு சுவரோடு ஒதுக்கிவிட்டு, நடுவில் ஈரச் சாக்கால் மூடி ஒரு குவியல். பக்கத்தில் ஒரு குடத்தில் வெல்லத் தண்ணீர். மண்டை வெல்லத்தில் ஒரு துண்டு குறைந்தாலும் என்னைச் சந்தேகத்தோடு பார்க்கிறவர் சொந்த வெல்லத்தைக் கரைத்து எருவுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஆபீசுக்குப் போனேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "வெதச்சு ஒரு மாசத்துக்குள்ள, ஈரம் இருக்கப் போட்டாலும் கேக்குமாம். அந்தப் புள்ள சொல்லுச்சு. வெல்லத் தண்ணி தெளிச்சா நல்லா வருமாம்." பிறகு சாக்கின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டினார். "பாரு. பச்ச வந்துருச்சு."

வாழ்நாள் முழுக்கப் பூசணத்தோடு சண்டை போட்ட மனுசன், தொட்டிலில் குழந்தை காட்டுவதுபோல அதைக் காட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். அந்தப் பக்கத்தில் அரிசி மூட்டை ஒன்றில் நிஜப் பூசணம் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. அதைப் பிறகு நானே மாடிக்குக் கொண்டுபோனேன்.

லோடு ஆட்டோவில் எருவை ஏற்றிக்கொண்டு இருவரும் காட்டுக்குப் போனோம். மழை விட்ட ஈரத்தில் பயிர் முழங்கால் உயரம் நின்றது. வரிசை வரிசையாக வேரோரம் போட்டுக்கொண்டே போனோம். கரிசல் அவர் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டது. அவர் அதை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார். பக்கத்துக் காட்டு அண்ணன் பொழியில் நின்று, "மச்சானுக்கு என்ன ஆச்சு தங்கச்சி, கடை நட்டமா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவரைக் காட்டிலிருந்து பிரிக்க முடியவில்லை. ஞாயிறுதோறும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு என்னோடு பஸ் ஏறினார். வந்தால் சும்மா இருந்தாரா? ஒரு தட்டையை அடியோடு ஒடித்துப் பிளந்து பார்ப்பார். உள்ளே வெள்ளை. "ஏ, வெள்ளையா இருக்கு புள்ள!" என்று கத்துவார். அந்தச் சந்தோசத்தில் அடுத்ததைப் பிளப்பார். அதுவும் வெள்ளை. நல்ல தட்டையைப் பிளந்தால் அது செத்துப்போகும் என்பது மூன்று ஞாயிறு கழித்துத்தான் அவர் தலையில் ஏறியது. "நோய் கொல்லாததப் பூராம் நீங்க கொல்லப் போறீங்க" என்று கையில் இருந்ததைப் பிடுங்கினேன். கடையில் தேங்காயை எல்லாம் உடைத்துப் பார்த்தா விற்கிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் நிறுத்தினார்.

மார்கழியில் மழை கையை விரித்தது. மணி பால் பிடிக்கிற நேரம். வெயில் மார்கழி மாதிரி இல்லாமல் சுட்டது. அந்தப் பூஞ்சணத்துக்கு வேண்டிய காலம் அதுதான். காட்டில் கரிசல் ஆழமான பக்கம் எனக்குப் பயமில்லை, அங்கே ஈரம் நிற்கும். மேற்கு மூலையில் ஒரு சரளை மேடு உண்டு. அங்கே தண்ணீர் தங்காது. அந்த மூலையை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மூலை சாய்ந்தாலும் என்று நாக்கைக் கொடுத்தவள் நான். தை பிறந்து அறுப்பு நெருங்குகிற நேரம் பார்த்து எனக்குக் காய்ச்சல் வேறு. படுத்த படுக்கையிலிருந்து, "மேக்கு மூலை எப்படி இருக்குன்னு மட்டும் பாத்துட்டு வாங்க" என்று அவரை அனுப்பினேன். முதல் பஸ்ஸுக்கே போனார். போனவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. காய்ச்சலாவது கத்திரிக்காயாவது என்று நானும் கிளம்பிவிட்டேன்.

காடு நின்றது. கதிர் முற்றி இலைச் சோகை காய்ந்து, ஆனால் தட்டை நேராக, காடு முழுக்க நின்றது. எனக்கு அங்கேயே கும்பிட வேண்டும்போல இருந்தது. மேற்கு மூலைக்குப் போனேன். சரளை மேட்டில் பயிரே இல்லை. வழுக்கைத் தலைபோலத் தரை தெரிந்தது. பொழி ஓரத்தில் ஒரு குவியல் எரிந்து புகைந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர், வியர்வை வழிய, கம்பால் நெருப்பைக் கிளறிக்கொண்டு நின்றார்.

"எம்புட்டு விழுந்துச்சு?" என்று கேட்டேன்.

"எதுவும் விழல" என்றார். "நான்தான் பிடுங்குனேன்."

"ஏன்?"

"நெருக்கமா நின்னுச்சு. காத்து வரட்டும்னு."

அறுப்புக்கு இருக்கிற பயிரில் காற்று வரட்டும் என்று ஒரு மூலையையே யாராவது மொட்டை அடிப்பார்களா? நான் அவர் கையைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் ரேகை தெரியாமல் கரி. தீயின் சாம்பல் வெளுப்பாக இருக்கும். இது அன்றைக்குப் பிளந்த தட்டையில் பார்த்த அதே மிளகுத் தூள்போல நகக்கண் வரை ஏறியிருந்தது.

அந்த நேரம் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. கையைத் துடைக்க வேட்டியைப் பார்த்தார், துடைக்க மனசில்லாமல் என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து எடுத்தேன். புரோக்கர். பட்டனை அமுக்கி அவர் காதில் வைத்துப் பிடித்தேன்.

"ஆமாப்பா, காட்டுலதான் நிக்கேன்" என்றார் என் வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்க்காமல். "இல்லப்பா. இந்த வருசம் ஒரு தட்டை விழல. பேச்சுன்னா பேச்சுதான. நீ வேற காடு பாரு."

வியாபாரி அவர். பொய்யே சொல்லாதவர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எனக்காக அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் பேசி முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து நகராமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.